பெருநிரலும் உள்ளகத் துணைநிரலும்

ஒரு சொல் ஓரிடத்தில் ஒரு பொருளையும் பிறிதோரிடத்தில் வேறொரு பொருளையும் தருதல் மொழிக்கு இயல்பேயாகும். தொல்காப்பியத்தைக் கற்பார் இதனை நன்கறிவர். சொல்லதிகாரத்தில் திணை என்னும் சொல் உயர்திணை, அஃறிணை என்னும் பாகுபாட்டைக் குறிக்கின்றது. பொருளதிகாரத்திலோ அதே சொல் குறிஞ்சி, முல்லை முதலிய அகத்திணைகளையும் வெட்சி முதலிய புறத்திணைகளையும் குறிக்கின்றது. ஒரே நூலில் ஒரே சொல் இரு பொருள்பட வந்தும் மாணாக்கர் மயங்குவதில்லை. அதிகாரம் என்னும் எல்லை அவ்விரு பொருளையும் பிரித்து நிறுத்துவதே அதற்குக் காரணமாகும்.

இத்தகைய எல்லை கணினிக்குத் தானாகப் புலனாவதில்லை. மனிதன் இடமறிந்து பொருள் கொள்வான். கணினி எழுதியவாறே கொள்ளும். ஆகவே கணினிக்கு நிரல் எழுதுவோர் ஒவ்வொரு பெயரும் எவ்வெல்லைக்குள் எப்பொருளைத் தரும் என்பதைத் தாமே வரையறுத்தல் வேண்டும். அங்ஙனம் வரையறுப்பதற்குரிய வழிகளுள் ஒன்றே, ஒரு பெருநிரலுக்குள் அதற்கு மட்டுமே உரிய துணைநிரலை அமைத்துக்கொள்ளும் முறை. அதன் இயல்பையும் பயனையும், அதனைக் கையாளுங்கால் நேரக்கூடிய இடர்களையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துணைநிரலின் தோற்றம்

கணினிக்கு இடப்படும் கட்டளைத் தொடர் நிரல் எனப்படும். நீண்டதொரு நிரலில் ஒரே செயல் பன்முறை வருமாயின், அச்செயலுக்குரிய கட்டளைகளை ஒருமுறை மாத்திரம் எழுதி, அதற்கு ஒரு பெயரிட்டு, வேண்டுமிடங்களில் அப்பெயரைக் கூறி அழைத்துக்கொள்ளலாம். அங்ஙனம் அழைக்கப்படும் பகுதியே துணைநிரல். ஆங்கிலேயர் அதனைச் சப்ரூட்டீன் என்பர். தமிழ்ச் சொற்களைக் கொண்டே நிரலெழுதுமாறு முத்து அண்ணாமலை என்பார் ஆக்கிய எழில் என்னும் கணினி மொழியில் இது நிரல்பாகம் என வழங்குகின்றது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் 1949ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் கணினியில் இம்முறை செம்மையுற்றது. அங்குப் பணியாற்றிய டேவிட் வீலர், துணைநிரலுக்குச் சென்ற கணினி விட்ட இடத்திற்கே மீண்டு வருவதற்கான வழியை வகுத்தார். வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் 1951ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் துணைநிரல்கள் இருவகையாகப் பகுக்கப்பட்டன. வேண்டிய இடந்தோறும் கட்டளைகளையே படியெடுத்து வைப்பது திறந்த வகை. ஓரிடத்தில் வைத்துச் சென்று மீள்வது மூடிய வகை. பிற்காலத்தில் தோன்றிய மக்ரோ என்பது முன்னைய வகையின் வழிவந்தது. இக்காலத் துணைநிரல் பின்னைய வகையின் வழிவந்தது.

மக்ரோ என்னும் சொல்லுக்கு அடி நீளம், பெருமை என்னும் பொருள்களையுடைய கிரேக்கச் சொல்லாகும். ஒரு சிறு பெயர் பல கட்டளைகளாக விரிந்து பெருகுதலின் அப்பெயர் ஏற்பட்டது. நாளடைவில் அச்சொல்லின் பொருள் விரிந்தது. விரிதாள், சொற்செயலி முதலிய மென்பொருள்களில் ஒரு வேலையை முற்றும் செய்து முடிக்குமாறு எழுதப்படும் நிரலும் இன்று மக்ரோ எனவே வழங்கப்படுகின்றது. 1993ஆம் ஆண்டு வெளிவந்த எக்செல் மென்பொருளின் ஐந்தாம் பதிப்பில் விசுவல் பேசிக் மொழியால் மக்ரோ எழுதும் வசதி சேர்க்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு தோன்றிய, விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் மென்பொருளில் பேசிக், பைதன் ஆகிய இரு மொழிகளாலும் மக்ரோ எழுதலாம். இக்கட்டுரையில் மக்ரோ என்பது பெருநிரல் எனவும், அதனுள் அடங்கி அதற்கே உரியதாக நிற்கும் பகுதி உள்ளகத் துணைநிரல் எனவும் குறிக்கப்படும்.

மடுவத்துக் கணக்கு

கந்தப்பளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோர்க்குக் கொழுந்து மடுவம் புதியதன்று. கூடையுடனும் சாக்குடனும் வரும் கொழுந்து அங்கு நிறுக்கப்படும். மொத்த நிறையிலிருந்து கூடைக்கும் ஈரத்திற்குமாக ஓரளவு கழிக்கப்படும். நாளொன்றுக்கு இத்தனை கிலோ என வரையறை உண்டு. அதற்கு மேற்பட்டது மேலதிகக் கொழுந்தாகக் கொள்ளப்பட்டு அதற்குத் தனிக் கொடுப்பனவு சேரும். பின்னர்ச் சம்பளத்திலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம் கழிக்கப்படும். தொழில்கொள்வோர் தம் பங்காக நூற்றுக்கு 12 வீதம் சேர்த்தல் வேண்டும். இது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட நிதியாகும்.

இக்கணக்கில் கழிவு என்னும் சொல் இருமுறை வருதல் நோக்கத்தக்கது. மடுவத்தில் கழிவு என்பது கிலோ; செக்ரோலில் கழிவு என்பது ரூபா. கணக்கப்பிள்ளையும் அறிவார், கொழுந்து பறிக்கும் பெண்ணும் அறிவார்; இருவரும் மயங்கார். ஆயின் இதே கணக்கைக் கணினியிடம் ஒப்படைக்கும்போது நிகழ்வது யாது என்பதே இனி ஆராய்தற்குரியது.

விளக்கத்தின் பொருட்டு ஓர் எளிய கணக்கைக் கொள்ளலாம். நாட்சம்பளம் 1,000 ரூபா. வரையறை 18 கிலோ. மேலதிகக் கிலோ ஒன்றுக்கு 50 ரூபா. ஒவ்வொரு நிறுவையிலும் கழிவு 1 கிலோ. சேமலாப நிதிக் கழிவு நாட்சம்பளத்தின்மீது மாத்திரம் கணிக்கப்படும் என்க. ஒருவர் காலையில் 8 கிலோவும், பகலில் 11 கிலோவும், மாலையில் 7 கிலோவும் கொணர்கின்றார். கழிவு நீங்கிய நிறைகள் முறையே 7, 10, 6 ஆகும், கூட்டுத்தொகை 23. மேலதிகம் 5 கிலோ. அதற்கு 250 ரூபா. சேமலாப நிதிக்கு 80 ரூபா. ஆகவே கையிற் பெறுவது 1,170 ரூபா. நிதியிற் சேர்வது அவர் பங்கு 80 ரூபாவும் தொழில்கொள்வோர் பங்கு 120 ரூபாவுமாக 200 ரூபா.

பேசிக் மொழியில் உள்ளகத் துணைநிரல்

மேற்கூறிய கணக்கில் கழிவு நீக்கும் செயல் மும்முறை வருகின்றது. அதனை மும்முறை எழுதலாம். ஆயினும் அது நன்றன்று. மழைக்காலத்தில் கழிவை மாற்ற நேர்ந்து, ஒருவர் இரண்டிடங்களில் மாற்றி மூன்றாமிடத்தை மறப்பாராயின், காலை நிறுவைக்கு ஒரு நீதியும் மாலை நிறுவைக்கு வேறொரு நீதியுமாக முடியும். ஒரு விதி ஓரிடத்திலேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்பது நிரலாக்கத்தின் முதற் பாடமாகும்.

பேசிக் மொழி 1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜோன் கெமனி, தோமஸ் கேர்ட்ஸ் என்னும் கணிதப் பேராசிரியர் இருவரால் ஆக்கப்பட்டது. அதன் முதற் பதிப்பிலேயே கோசப், ரிட்டர்ன் என்னும் இரு கட்டளைகள் இருந்தன. கோசப் என்பது குறித்த இடத்திற்குச் செல்க எனப் பணிப்பது. ரிட்டர்ன் என்பது அழைத்த இடத்திற்கு மீள்க எனப் பணிப்பது. எக்செல், லிப்ரே ஒபிஸ் ஆகியவற்றின் பேசிக் மொழிகளில் இவை இன்றும் உள்ளன. அம்மொழிகளில் ஒரு பெருநிரலுக்குள் இன்னொரு முழுநிரலை வரையறுத்தல் இயலாது. ஆகவே அங்கு உள்ளகத் துணைநிரலுக்கு நேரான வழி கோசப் ஒன்றேயாகும். பெருநிரலின் இறுதிப் பகுதியில் நிறுவை என்பது போன்ற அடையாளப் பெயரை இட்டு, அதன்கீழ்க் கழிவு நீக்கும் கட்டளைகளை எழுதி, ரிட்டர்ன் என முடித்தல் வேண்டும். அவ்வடையாளப் பெயர் அப்பெருநிரலுக்குள் மாத்திரமே செல்லும். வேறொரு பெருநிரல் அதனை அழைத்தல் இயலாது.

இதிற் புதியோர் பெரிதும் தவறும் இடம் ஒன்று உண்டு. பெருநிரலின் வேலை முடிந்ததும், துணைநிரற் பகுதி தொடங்குமுன், எக்சிட் சப் என்னும் வெளியேறற் கட்டளையை இடுதல் வேண்டும். இடாவிடின் கணினி நிற்காது கீழிறங்கி, எவரும் அழையாமலே துணைநிரலுக்குட் புகும். ரிட்டர்ன் என்னும் கட்டளையை அடைந்ததும் மீள்வதற்குரிய இடம் அறியாது பிழை கூறி நிற்கும். இது வெளிப்படையான பிழையாதலின் திருத்துதல் எளிது. பெருந்தீங்கு விளைப்பது ஓசையின்றி நிகழும் பிழையே. அஃது அடுத்துக் கூறப்படுகின்றது.

பெயர் மயக்கம்

கோசப் முறையில் உள்ளகமாக இருப்பது துணைநிரலின் பெயர் மாத்திரமே. அதனுள் வழங்கும் மாறிகள் உள்ளகமானவை அல்ல. பெருநிரலின் மாறிகள் யாவும் துணைநிரலுக்கும் பொதுவானவை. ஒரே வீட்டில் வாழ்வோர் ஒரே பெட்டியைத் திறந்து மூடுதல் போன்றது இது.

பெருநிரலை எழுதியவர் முதலிற் சேமலாப நிதிக்குரிய 80 ரூபாவைக் கணித்துக் கழிவு என்னும் மாறியில் வைத்தார் என்க. பின்னர் மூன்று நிறுவைக்குமாகத் துணைநிரலை மும்முறை அழைத்தார். துணைநிரலின் முதற் கட்டளை, கழிவு என்னும் மாறியில் 1 என்னும் எண்ணை இடுக என்பது. அக்கணமே முன்னிருந்த 80 மறைந்தது. நிறைகள் சரியாகவே கணிக்கப்பட்டன. 23 கிலோ சரி. 250 ரூபாவும் சரி. இறுதியில் 1,250 ரூபாவிலிருந்து கழிவைக் கழிக்க என்றபோது கணினி 80 ரூபாவைக் கழிக்காது 1 ரூபாவையே கழித்தது. கையிற் கிடைத்தது 1,249 ரூபா. நிதிப் பதிவிலும் தொழிலாளர் பங்கு 1 ரூபா எனவே விழுந்தது.

இப்பிழையின் தன்மை சிந்தித்தற்குரியது. கணினி எவ்வித எச்சரிக்கையும் தருவதில்லை. நிரலில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. சம்பளம் பெறுவோர் குறை கூறுவதற்கும் இடமில்லை. கையில் 79 ரூபா கூடுதலாகவே விழுந்திருக்கின்றது. ஆயின் நாளொன்றுக்கு 79 ரூபா வீதம் 20 நாள் வேலைக்கு 1,580 ரூபா அவரது சேமலாப நிதியிற் குறைந்துவிடும். மாதந்தோறும் வளரும் இக்குறை, பல்லாண்டுகள் கழித்து மலையேறி உழைத்த கால் ஓய்ந்து நிதியைப் பெறச் செல்லும் நாளிலேயே புலப்படும். ஒரு மாறியின் பெயரை இருமுறை வழங்கிய கவலையீனம் ஒரு முதியவரின் கைப்பொருளைக் குறைத்துவிடுமெனின், பெயர்களின் எல்லை பற்றிய ஆராய்ச்சி வெறும் ஏட்டுக் கல்வியன்று என்பது தெளிவாகும்.

தனித்த துணைநிரல் என்னும் வழி

இக்குறையை நீக்குதற்கு முதல் வழி, நிறுவைக் கணக்கைப் பெருநிரலுக்கு வெளியே தனித்த துணைநிரலாக எழுதுதல். அங்ஙனம் எழுதின் அதனுள் அறிவிக்கப்படும் கழிவு என்னும் மாறி அதற்கே உரியதாகும். பெருநிரலின் கழிவைத் தீண்டாது. இஃது ஏற்புடைய வழியே. ஆயினும் இரு தொல்லைகள் எஞ்சுகின்றன.

முதலாவது, மாறியின் மயக்கம் நீங்கினும் துணைநிரலின் பெயர் இப்போது பொதுவெளிக்கு வந்துவிடுகின்றது. மரக்கறி நிறுவைக்காக வேறொருவர் அதே தொகுதியில் நிறுவை என்னும் பெயரில் இன்னொரு துணைநிரல் எழுதின் இரண்டும் முட்டும். மேலும், லிப்ரே ஒபிஸ் மென்பொருளின் மக்ரோப் பட்டியலில் பெருநிரலோடு இதுவும் தோன்றும். அலுவலகத்தில் இருப்பவர் பெருநிரலென எண்ணி இதனைத் தனியே இயக்கிவிடவும் கூடும். இரண்டாவது, பெருநிரல் அறிந்த செய்திகளைத் துணைநிரல் தானாக அறியாது. இன்று மழைநாளா அன்றா என்பது போன்ற ஒவ்வொன்றையும் அழைக்குந்தோறும் கையளித்தல் வேண்டும்.

பைதன் மொழியில் உள்ளகத் துணைநிரல்

பெயரும் மாறியும் ஆகிய இரண்டும் உள்ளகமாக அமையும் முறை 1960ஆம் ஆண்டின் அல்கோல் மொழியில் தோன்றியது. அம்மொழியில் ஒரு தொகுதிக்குள் அறிவிக்கப்பட்ட பெயர் அத்தொகுதிக்குள் மாத்திரமே வழங்கும். தொகுதிக்குள் தொகுதியும், துணைநிரலுக்குள் துணைநிரலும் அமையலாம். நிக்லாஸ் விர்த் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட பாஸ்கல் மொழியும் அதனைப் பின்பற்றியது. கைடோ வான் ரோசம் ஆக்கி 1991ஆம் ஆண்டு வெளியிட்ட பைதன் மொழியில், உட்பகுதி தன்னைச் சூழ்ந்த நிரலின் பெயர்களை அறியும் முறை 2001ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது.

பைதனில் டெஃப் என்னும் சொல்லால் துணைநிரல் தொடங்கும். பெருநிரலின் டெஃப் வரிக்குக் கீழே, உள்ளே தள்ளி இன்னொரு டெஃப் வரி எழுதினால் அதுவே உள்ளகத் துணைநிரல். மூன்றாம் பதிப்பு முதல் பைதனில் மாறிகளுக்கும் துணைநிரல்களுக்கும் தமிழெழுத்தாலேயே பெயரிடலாம். ஆகவே சம்பளம் என்னும் பெருநிரலுக்குள் நிறுவை என்னும் துணைநிரலை அப்பெயர்களாலேயே அமைக்க முடியும். மொழிக்குரிய ஏவற்சொற்கள் மாத்திரம் ஆங்கிலமாக இருக்கும்.

அதன் செயல் வருமாறு. சம்பளம் என்னும் பெருநிரலில் கழிவு 80 எனக் குறிக்கப்படுகின்றது. நிறுவை என்னும் உள்ளகத் துணைநிரலில் கழிவு 1 எனக் குறிக்கப்படுகின்றது. பைதனின் விதி யாதெனின், ஒரு துணைநிரலுக்குள் மதிப்பிடப்படும் பெயர் அத்துணைநிரலுக்கே உரியது என்பதாம். ஆகவே உள்ளிருக்கும் கழிவு வேறு, வெளியிருக்கும் கழிவு வேறு. மூன்று நிறுவையும் முடிந்து மீண்ட பின்னரும் பெருநிரலின் கழிவு 80 ஆகவே நிற்கும். கையிற் பெறுவது 1,170 ரூபா. நிதிப் பதிவில் 80 ரூபா. திணை என்னும் சொல் இரண்டு அதிகாரங்களில் இரு பொருள்பட நின்றும் முட்டாதவாறு போன்றதே இதுவும்.

உட்பகுதி புறத்தே உள்ளதை வாசிக்கலாம் என்பது இதன் மற்றொரு நலம். பெருநிரலில் மழைநாள் என்னும் மாறியில் ஆம் என்றோ அன்று என்றோ குறித்துவிட்டால், நிறுவை என்னும் துணைநிரல் அதனைத் தானே நோக்கி, மழைநாளாயின் 2 கிலோவும் அன்றாயின் 1 கிலோவும் கழிக்குமாறு எழுதலாம். அழைக்குந்தோறும் அதனைக் கையளிக்க வேண்டியதில்லை. அன்றியும் மக்ரோப் பட்டியலில் சம்பளம் என்னும் பெயர் ஒன்றே தோன்றும். உள்ளிருக்கும் நிறுவை வெளித் தோன்றாது.

புறத்தே உள்ள மாறியை உட்பகுதி மாற்றியே ஆகவேண்டிய வேளையும் உண்டு. மூன்று நிறுவையிலும் கழிந்த கிலோவின் கூட்டுத்தொகையைப் பெருநிரலின் மாறியிலேயே சேர்த்துவர வேண்டும் என்க. அப்போது நொன்லோக்கல் என்னும் சொல்லால் இப்பெயர் புறத்தே உள்ளது என வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். இச்சொல் 2008ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் பதிப்பிற் சேர்க்கப்பட்டது. அறிவியாமல், புறத்துப் பெயரின் மதிப்பை வாசித்து அதே பெயரிற் கூட்ட முயன்றால் பைதன் பிழை கூறி நின்றுவிடும். கோசப் முறையில் ஓசையின்றி நிகழ்ந்த மாற்றம் இங்கு எழுதுவோரின் அறிவிப்பின்றி நிகழாது. இரு முறைகட்கும் உள்ள சிறந்த வேறுபாடு இதுவேயாகும்.

உள்ளே வைப்பதும் வெளியே வைப்பதும்

இவ்வளவும் கூறியதால் எல்லாத் துணைநிரலையும் உள்ளகமாகவே அமைத்தல் வேண்டும் எனக் கொள்ளலாகாது. உள்ளே இருப்பதைப் பிற பெருநிரல்கள் அழைத்தல் இயலாது. கழிவு விதி சம்பளப் பெருநிரலுக்கு மாத்திரமன்றி, தொழிற்சாலைக்கு அனுப்பும் கொழுந்தின் நாட்கணக்குக்கும் வேண்டுமாயின், அதனை இரண்டு பெருநிரலுக்குள்ளும் தனித்தனியே எழுதுதல், ஒரு விதி ஓரிடத்தில் என்னும் முதற் பாடத்துக்கே முரணாகும். அத்தகைய விதியை வெளியே எடுத்துப் பொதுவாக்குதலே முறை. அன்றியும் உள்ளே இருப்பதைத் தனியே இயக்கிச் சோதித்தல் எளிதன்று. பல பக்கம் நீளும் துணைநிரலை உள்ளே புகுத்தின் பெருநிரலைப் படிப்போர் வழி தப்புவர்.

ஆகவே பொதுவிதி இவ்வாறு அமையும். ஒரு பெருநிரலுக்கு மாத்திரம் பயன்படுவதும், சில வரிகளில் அடங்குவதும், பெருநிரலின் செய்திகளை நோக்கி இயங்குவதுமாகிய செயல் உள்ளகத் துணைநிரலாதற்கு உரியது. பலவற்றுக்கும் பொதுவானதும், தனித்துச் சோதிக்க வேண்டியதுமாகிய செயல் வெளியே நிற்றற்கு உரியது. கோசப் அன்றி வேறு வழியில்லாத பேசிக் மொழியில் எழுத நேரின், துணைநிரலுள் வரும் மாறிகளுக்கு நிறுவைக்கழிவு, நிதிக்கழிவு என்றாற்போல அடைகொடுத்து வேறு பெயரிடுதல் காப்பாகும். எம்முறையைக் கையாளினும், விடை முன்னரே கையாற் கணித்த ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்த்தல் இன்றியமையாதது. அங்ஙனம் பார்க்குங்கால் கையிற் பெறும் தொகையை மாத்திரம் ஒப்புநோக்கல் போதாது. நிதிப் பதிவில் விழுந்த தொகையையும் ஒப்புநோக்கல் வேண்டும்.

2017ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்திட்டத்தில் பைதன் மொழியும் துணைநிரலும் மாறிகளின் எல்லையும் இடம்பெற்றன. அப்பகுதியைப் பரீட்சைக்கெனச் சில வரைவிலக்கணங்களாக மனனஞ் செய்து விடுவார் பலர். தம் பெற்றோரின் சம்பளத் துண்டை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு கழிவும் எதன் கழிவு, எங்கிருந்து வந்தது, எங்குச் செல்கின்றது என வினவி, அதனையே ஒரு சிறு பெருநிரலாக எழுதிப் பார்ப்பாராயின் பாடமும் விளங்கும், துண்டும் விளங்கும். தேயிலை மலைகளில் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு என்பது பிறர் எழுதப் பிறர் வாசிக்கக் கேட்கும் ஒன்றாகவே இருந்து வந்தது. அக்கணக்கை எழுதவும் சரிபார்க்கவும் வல்ல பிள்ளைகள் லயங்களிலிருந்தே தோன்றுதல் இக்கல்வியாற் பெறத்தக்க பயன்களுள் தலையாயதாகும்.